தொட்டி நிறைந்திருக்க எஞ்சின் வற்றிய வேன்: ஒரு நிகழ்வு ஆய்வு

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிக்கொண்டிருந்த ஒரு வேன். என் பட்டறைக்கு வந்தபோதே அதன் மேல் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் உடலுக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும், வேறு வழியில்லை. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். அந்த வேனில் சரக்கு ஏற்றிப் பிழைப்பவர். "கழற்றுவதற்கு முன்னால் இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும் என்று தோன்றியது தம்பி" என்றார். அந்தத் தயக்கம்தான் அவருடைய எஞ்சினைக் காப்பாற்றியது. ஹெட் கடைசிவரை கழற்றப்படவில்லை. சூட்டின் தொடக்கம் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாயில் இருந்தது. அதன் பின்னால் இன்னொரு பெரிய கோளாறு மறைந்திருந்தது. இரண்டையும் கண்டறிந்த வழியையும், நடுவில் நான் செய்த ஒரு தவறையும் இங்கே எழுதுகிறேன். பழைய வேன்களில் இதே சங்கிலி திரும்பத் திரும்ப வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டியும் அதன் வரலாறும்

வேனுக்கு வயது 26. ஓடிய தூரம் 3,10,000 கிலோமீட்டருக்கு மேல். டர்போ இல்லாத 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், முன் இருக்கைகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் வண்டியின் மூக்கில், தரைக்கு அருகே தாழ்வாக இருக்கிறது. கூலண்ட் (எஞ்சினின் சூட்டைச் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்) நிரப்பும் கழுத்தும் அழுத்த மூடியும் ரேடியேட்டரின் தலையில் இல்லை. இருக்கையைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பக்கத்தில் மேல் குழாயோடு சேர்ந்து இருக்கின்றன. முன்பலகைக்குள் ஒரு ஹீட்டர், பின் இருக்கைக்கு அடியில் இன்னொரு ஹீட்டர். பின் ஹீட்டருக்குத் தரையடியில் நீளமான இரும்புக் குழாய்கள் போகின்றன. எல்லாம் சேர்த்து 9.5 லிட்டர் கூலண்ட் பிடிக்கும்.

இந்த அமைப்பைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். காரில் எஞ்சினும் ரேடியேட்டரும் முகத்தோடு முகம் வைத்து நிற்கும்; குழாய்கள் குட்டையானவை; காற்று தானாகவே மேலே ஏறி மூடியின் வழியாக வெளியேறிவிடும். வேனில் அப்படி நடப்பதில்லை. கூலண்ட் நெடுந்தூரம் போய்த் திரும்ப வேண்டும், வழியில் மேடும் பள்ளமும் உண்டு, ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கும். இந்தத் தூரம் எவ்வளவு நீளமாகலாம் என்பதற்கு வோக்ஸ்வாகனின் பின் எஞ்சின் வேன் நல்ல எடுத்துக்காட்டு. 1979 இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறை முதலில் காற்றால் குளிர்ந்த எஞ்சினோடுதான் வந்தது. 1982 இல் பெட்ரோல் எஞ்சினும் நீர்க் குளிர்விப்புக்கு மாறியபோது எஞ்சின் பின்னாலேயே இருந்தது, ரேடியேட்டர் முன்னால் போனது. வண்டியின் முழு நீளத்துக்கும் கூலண்ட் ஓடியது. அப்படிப்பட்ட வண்டியில் கூலண்ட் மாற்றுவது ஊற்றி மூடுகிற வேலையாக இருக்க முடியாது.

இனி வரலாறு. எட்டு மாதங்களில் இந்த வேனுக்கு மாற்றப்பட்டவை: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும் வால்வு), அழுத்த மூடி, கூலண்டை ஓடவைக்கும் வாட்டர் பம்ப். கூலண்ட் இருமுறை வடித்து நிரப்பப்பட்டிருக்கிறது, இருமுறையும் வெவ்வேறு நிறத்தில். அதற்கும் முந்தைய ஆண்டு, ரேடியேட்டரில் ஒரு சிறு கசிவு இருந்ததாகச் சொல்லி கசிவடைக்கும் தூள் ஒன்று ஊற்றப்பட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் வண்டி சூடானது. கடைசியில், எஞ்சின் ஓடும்போது, மிகுதிக் கூலண்டைப் பிடித்துவைக்கும் ரிசர்வ் தொட்டியில் குமிழிகள் வருவதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

மாற்றிய பாகங்களில் எதையும் மாற்றுவதற்கு முன் யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. பழைய தெர்மோஸ்டாட்டை அவர் எடுத்து வைத்திருந்தார். தண்ணீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியோடு போட்டுச் சூடேற்றிப் பார்த்தேன். 82 டிகிரியில் வாய் திறக்கத் தொடங்கியது, 95 டிகிரியில் 8 மில்லிமீட்டர் திறந்தது. குறையற்ற பாகம்.

கேள்விகள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் அவரிடம் பேசினேன். சூடு எப்போது ஏறுகிறது என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் பாதி நோயைச் சொல்லிவிடும். நின்ற இடத்திலும் நெரிசலிலும் ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால், காற்றோட்டத்தில் குறை: விசிறி, ஃபேன் கிளட்ச் (சூட்டுக்கேற்ப விசிறியை எஞ்சினோடு இணைக்கும் பாகம்), ரேடியேட்டரின் முகத்தில் அடைந்த தூசி. நின்றிருக்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் ஏறினால், கூலண்ட் போதுமான அளவு ஓடவில்லை அல்லது ரேடியேட்டரால் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலண்டின் வழியாக வெளியேறியாக வேண்டும். ஏற்றத்தில் எரிபொருள் செலவு கூடும்போது அந்த வெப்பமும் அதற்கேற்பக் கூடுகிறது.

சமதளத்தில் ஒன்றுமில்லை என்றார் அவர். சரக்கோடு ஏற்றம் ஏறத் தொடங்கி 15 நிமிடத்தில் வெப்பநிலை முள் முக்கால் பங்குக்கு வருகிறது, பிறகு சிவப்பு. நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. முன் ஹீட்டர் சில சமயம் சூடாக ஊதுகிறது, சில சமயம் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. அதைக் கேட்டதும் உள்ளே காற்று தங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். எஞ்சின் கொதிக்கும் வேளையில் அது குளிர்ந்திருக்கிறதென்றால் அதற்குள் கூலண்ட் ஓடவில்லை.

பிறகு அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டியது. ஒருமுறை சிவப்பைத் தொட்ட முள், அடுத்த நிமிடமே தடாலென்று குளிர்ப் பக்கத்துக்குச் சரிந்திருக்கிறது. சரியாகிவிட்டது என்று நினைத்து மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உணரி கூலண்டில் முழுகியிருந்தால்தான் உண்மை சொல்லும். கூலண்ட் இறங்கி, உணரியைச் சுற்றிக் காற்றோ நீராவியோ நின்றுவிட்டால், பக்கத்து உலோகம் கொதித்தாலும் அது குறைந்த எண்ணைக் காட்டலாம். எதையும் செய்யாதபோது சூடான முள் திடீரென்று விழுந்தால் அது நல்ல செய்தியே இல்லை. உடனே எஞ்சினை நிறுத்த வேண்டிய செய்தி. இதைப் படிப்பவர் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கூலண்ட் சேர்க்கிறீர்கள்?

"சேர்ப்பதே இல்லை தம்பி. தொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கிறது."

எட்டு மாதமாகக் கொதித்து, அவ்வப்போது பொங்கியும் வழிந்த ஒரு எஞ்சினின் தொட்டி எப்படி நிறைந்தே இருக்க முடியும்? அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் வேலையைத் தொடங்கினேன்.

குளிர்ந்த காலையில் மூடியைத் திறந்தபோது

வண்டியை இரவு முழுக்க என்னிடமே நிறுத்தச் சொன்னேன். காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில், இருக்கையைத் தூக்கி அழுத்த மூடியைத் திறந்தேன். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் தொடவே கூடாது. மூடி தாங்கிப் பிடிக்கும் அழுத்தம், வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் 0.9 பார்; அதில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு அருகில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுகிறது, அதுவரை அடங்கியிருந்த திரவம் நீராவியாக வெடித்து முகத்தில் அடிக்கிறது. ஆற விடுவதற்கு ஒரு மணி நேரம் பொறுப்பது பெரிய விஷயமில்லை.

தொட்டியில் கூலண்ட் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. கழுத்துக்குள் விளக்கடித்துப் பார்த்தால் கூலண்ட் கண்ணுக்கே தெரியவில்லை. அளவுக் குவளையால் ஊற்றினேன். கழுத்துவரை நிரம்ப 1.4 லிட்டர் தேவைப்பட்டது. மொத்தம் 9.5 லிட்டரில் ஏழில் ஒரு பங்கு இல்லாமலேயே இந்த எஞ்சின் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மாதமாக எல்லோரும் தொட்டியை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இது எப்படி நேரும் என்பதற்கு மூடியின் வேலை புரிய வேண்டும். மூடிக்குள் இரண்டு வால்வுகள். கூலண்ட் சூடேறும்போது விரிகிறது. தண்ணீரும் கிளைக்காலும் (உறைவதைத் தடுத்து, கொதிநிலையை உயர்த்தும் திரவம்) சரிபாதியாகக் கலந்த கூலண்ட், 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 4 சதவீதம் பெருகும். இந்த வண்டியில் அது கால் லிட்டருக்கு மேல், அரை லிட்டருக்குள். அழுத்தம் 0.9 பாரைத் தாண்டினால் பெரிய வால்வு திறந்து, மிகுதியைச் சிறு குழாய் வழியாகத் தொட்டிக்கு அனுப்புகிறது. எஞ்சின் ஆறும்போது கூலண்ட் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து, தொட்டிக்குப் போனதை அதே குழாய் வழியாகத் திரும்ப இழுக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வெளிமூச்சு, ஒரு உள்மூச்சு.

இந்த வேனில் வெளிமூச்சு நடந்தது, உள்மூச்சில் கூலண்டுக்குப் பதிலாகக் காற்று போனது. இரவுதோறும் கொஞ்சம் காற்று. பகலில் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் கூலண்ட். தொட்டி நிறைந்த பிறகு மிகுதி அதன் வழிவுக்குழாய் வழியாகச் சாலையில் சொட்டித் தீர்ந்தது. உரிமையாளர் கண்ட "நிறைந்த தொட்டி" நலத்தின் அடையாளமாக இருக்கவில்லை, நோயே அதுதான்.

அப்படியானால் குற்றவாளி மூடியா? புதிய மூடிதான், ஆனாலும் சோதித்தேன். 0.9 பாரில் சரியாகத் திறந்தது, சின்ன வால்வும் விரலால் இழுத்தால் திறந்து மூடியது. அடுத்து அழுத்தச் சோதனை. கழுத்தில் கைப்பம்பைப் பொருத்தி 0.9 பார் ஏற்றி 20 நிமிடம் விட்டேன். முள் அசையவில்லை. எங்கும் ஈரமில்லை.

இந்த இடத்தில்தான் பலர் "வெளியே கசிவில்லை, ஆகவே உள்ளே கசிகிறது, ஆகவே ஹெட் கேஸ்கெட்" என்று தாவிவிடுகிறார்கள். அழுத்தச் சோதனை எதைச் சோதிக்கவில்லை என்று கேட்க வேண்டும். பம்பு உட்காருவது மூடியின் இடத்தில். மூடிக்கு அப்பால் இருக்கும் சிறு குழாய்க்கு அந்த அழுத்தம் போவதே இல்லை.

அந்தக் குழாய் 8 மில்லிமீட்டர் ரப்பர். கழுத்திலிருந்து கிளம்பி, வண்டியின் தகட்டோரம் ஒரு கிளிப்புக்குள் புகுந்து, வளைந்து தொட்டிக்குள் இறங்குகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. கிளிப்பைக் கழற்றி விரலால் வளைத்ததும் உதடு பிரிவதுபோல ஒரு வெடிப்பு திறந்தது. ஓரத்தில் வெள்ளையாய்க் காய்ந்த கூலண்ட் படிவு. வெடிப்பு தொட்டியின் கூலண்ட் மட்டத்துக்கு மேலே இருந்தது. தொட்டியிலிருந்து கூலண்டை மேலே இழுப்பதைவிட வெடிப்பின் வழியே காற்றை இழுப்பது எளிது. வெற்றிடம் எளிய வழியைத்தான் எடுக்கும். வெளியே போகும்போது அந்தக் குழாயில் அழுத்தம் ஏறக்குறைய இல்லை என்பதால் சொட்டும் குறைவு. தரையில் நனைவு இல்லாததற்கு இதுதான் காரணம்.

கேஸ்கெட் மேலிருந்த பழி

குழாய் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கேஸ்கெட்டை அப்படியே விடுதலை செய்யவும் முடியாது. பலமுறை கொதித்த எஞ்சின், ஹெட் வளைந்திருக்கலாம். தொட்டியில் வந்த குமிழிகளுக்கும் விடை வேண்டும்.

முதலில் எளிய சோதனை. குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு மேல் ஹோஸைக் கையால் அழுத்திக்கொண்டே இருந்தேன். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்தால், எஞ்சின் சூடாவதற்கு முன்பே ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகிவிடும். இங்கே அது மென்மையாகவே இருந்து, வெப்பநிலையோடு சேர்ந்து மெல்ல இறுகியது.

அடுத்து நீலத் திரவச் சோதனை. கழுத்தின் மேல் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, உள்ளிருந்து எழும் காற்றை நீலத் திரவத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளை நோக்கி மாறும். டீசல் எஞ்சினில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீசல் ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஏராளமான உபரிக் காற்றோடு எரிகிறது, புகையில் கரியமில வாயு குறைவாகவே இருக்கும். சிறு கசிவு ஐட்லிங்கில் தப்பிவிடும். அதனால் சரக்கோடு ஏற்றம் ஏறித் திரும்பி, எஞ்சின் வேகத்தை உயர்த்தி வைத்து இன்னொரு முறையும் செய்தேன். அதற்காகக் குளிர்ந்த நிலையிலேயே கழுத்தில் புனல் இணைப்பைப் பொருத்திவைத்தேன். சூட்டில் மூடியைத் திறக்கவில்லை. இரு முறையும் நீலம் நீலமாகவே இருந்தது.

மூன்றாவதாக, ஒவ்வொரு பிஸ்டனையும் மேல் முனைக்குக் கொண்டுவந்து, சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி, கழுத்தில் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். நான்கிலும் வரவில்லை. சிலிண்டர்கள் காற்றை அமுக்கும் அழுத்தத்தையும் (கம்ப்ரெஷன்) அளந்தேன்: 28, 27, 28, 26 பார். இந்த வயது எஞ்சினுக்கு நான் மனம் நிறைந்து ஏற்கும் எண்கள். எண்ணெயில் பால் நிறம் இல்லை.

அப்படியானால் தொட்டியில் வந்த குமிழி? இரவில் வெடிப்பு வழியே உள்ளே போன காற்று, பகலில் மூடி திறக்கும்போது வெளியே வந்தது. குமிழியைப் பார்த்தவரின் கண்ணில் குறையில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாததால் நல்ல நிலையிலிருந்த ஒரு ஹெட் கழன்றிருக்கும்.

நான் செய்த தவறு

புதுக் குழாய் போட்டேன், கூலண்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றினேன், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், முள் நடுவிலேயே நின்றது. வண்டியை ஒப்படைத்தேன். நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். மறுபடி சூடு. முன்பு 15 நிமிடத்தில் ஏறிய முள் இப்போது 25 நிமிடத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. கழுத்தைத் திறந்து பார்த்தால் கூலண்ட் விளிம்புவரை நின்றது. குழாயின் நோய் தீர்ந்திருந்தது. ஆனால் இன்னொன்று இருந்தது, அதை நான் தேடவே இல்லை.

கேஸ்கெட் சோதனைக்காகச் சரக்கேற்றி ஏற்றம் ஏறிய நான், பழுது பார்த்த பிறகு வெற்று வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் ஒன்றுமில்லை என்று அவரே முதல் நாளில் சொல்லியிருந்தார். கோளாறு எந்த நிலையில் தலைகாட்டியதோ அதே நிலையில் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்தது என் தவறு; ஒரு முதியவர் மீண்டும் ஏற்றத்தின் நடுவில் நிற்க நேர்ந்தது. அவரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பழுதுபார்ப்புக்கு நான் வாங்கியதையும் திருப்பிக் கொடுத்தேன்.

ரேடியேட்டர்

இம்முறை சரக்கேற்றி ஏற்றத்திலேயே அளந்தேன். முள் ஏறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரைக் கட்டம் கட்டமாகப் படித்தேன். பளபளக்கும் பித்தளையும் அலுமினியமும் இந்தக் கருவியை ஏமாற்றும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் முன்கூட்டியே மங்கலான கறுப்பு நாடாத் துண்டுகளை ஆறு இடங்களில் ஒட்டியிருந்தேன். மேல் குழாய் நுழையும் இடம் 96 டிகிரி. கீழ்க் குழாய் வெளியேறும் இடம் 71. நல்ல ஓட்டமுள்ள ரேடியேட்டரில் இந்த வேறுபாடு பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். 25 என்றால் கூலண்ட் தவழ்ந்து போகிறது. ரேடியேட்டரின் முகத்திலும் சீர் இல்லை. இடப்புறமும் நடுவும் மேலிருந்து கீழே படிப்படியாகக் குளிர்ந்தன. வலப்புற மூன்றில் ஒரு பங்கு 45 டிகிரியில் செத்துக் கிடந்தது. அந்தப் பகுதியில் ஓட்டமே இல்லை.

கழற்றி வடித்த பிறகும் ரேடியேட்டர் கனமாக இருந்தது. தலைகீழாக நிறுத்தி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டபோது முதலில் பழுப்புக் கூழ் வந்தது, பின்னால் சாம்பல் நிறத்தில் மணல்போன்ற துகள்கள். பித்தளை ரேடியேட்டர் என்பதால் மேல் தொட்டியை ஈயப்பற்றிலிருந்து பிரிக்க முடிந்தது. மூன்று வரிசையில் 114 குழல்கள். மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்ததில் 41 குழல்கள் முழுதாக அடைத்திருந்தன.

துகள்கள் கசிவடைக்கும் தூளின் மிச்சம். ஒரு ஊசித்துளையை அடைப்பதற்காக ஊற்றப்படும் பொருளுக்கு ஊசித்துளையும் ரேடியேட்டரின் குறுகிய குழலும் வேறு வேறென்று தெரியாது. பாலைவனத்தின் நடுவில் நின்று வீடு சேர வேண்டியவருக்கு அது உதவும், அதை மறுக்கவில்லை. வீடு சேர்ந்ததும் வடித்துக் கழுவிவிட வேண்டும். ஓராண்டாக உள்ளேயே விட்டால் இதுதான் நேரும்.

கூழ் வந்தது கூலண்டுகளின் கலப்பிலிருந்து. பழைய வகைக் கூலண்ட் சிலிக்கேட் போன்ற உப்புகளால் உலோகத்தைக் காக்கிறது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அதன் வலு தீர்ந்துவிடும். கரிம அமிலங்களால் காக்கும் புதிய வகை ஐந்து ஆண்டுகள்வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் காக்கும் திறன் குறையும், சில சேர்க்கைகளில் படிவும் கூழும் உண்டாகும். நிறத்தைப் பார்த்து வகையைச் சொல்ல முடியாது. நிறம் வெறும் சாயம், அதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி கிடையாது. கையேடு சொல்லும் வகையை டப்பாவின் எழுத்தில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

41 குழல்களில் சிலவற்றைக் கம்பியால் திறந்துவிடலாம். நான் அதைச் செய்யவில்லை. திறந்த குழலின் உட்சுவர் அரித்திருந்தது, கம்பி போன வழியில் சில மாதங்களில் கசிவு வரும். ரேடியேட்டரின் பழைய மேல், கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு, நடுவில் குழல்கள் இருக்கும் பகுதியைப் புதிதாக மாற்றச் சொன்னேன்.

அதே வேளையில் இரண்டு சிறு குறைகளும் கண்ணில் பட்டன. விசிறியைச் சுற்றியுள்ள கூட்டின் கீழ்ப்பாதி இல்லை. வாட்டர் பம்ப் மாற்றியபோது கழற்றியவர்கள் திருப்பிப் பொருத்தவில்லை. கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கவாட்டிலிருந்து எளிதாகக் கிடைக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். மெதுவான ஏற்றத்தில் அது பெரிய இழப்பு. ஃபேன் கிளட்ச் நலமாக இருந்தது: சூட்டில் எஞ்சினை நிறுத்தியதும் விசிறியும் உடனே நின்றது, சிலிகான் எண்ணெய் வழிந்த தடமும் இல்லை. இரண்டாவது குறை, புதிய தெர்மோஸ்டாட்டில் காற்று வெளியேறுவதற்காக இருக்கும் சிறு ஊசித்துளை கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. காற்று மேலே நிற்கும், துளையும் மேலேதான் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினேன்.

கூடு இல்லாததால் எத்தனை டிகிரி, அடைப்பால் எத்தனை டிகிரி என்று நான் தனித்தனியாக அளக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகவே சரிசெய்தேன்.

நிரப்பிய முறை

இந்த வகை வேனில் நிரப்புவதே ஒரு தனி வேலை. முன்பலகைக்குள் இருக்கும் ஹீட்டர், நிரப்பும் கழுத்தைவிட உயரத்தில் இருக்கிறது. கழுத்துவரை ஊற்றி மூடினால் ஹீட்டருக்குள் காற்று அப்படியே நிற்கும். கழுத்தில் இறுக்கமாகப் பொருந்தும் உயரமான புனலை வைத்து, அதில் நிற்கும் கூலண்ட் ஹீட்டரின் மட்டத்துக்கு மேல் வரும்படி செய்தேன். ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி, குமிழி நின்று கூலண்ட் மட்டும் வழியும்வரை பிடித்து, பிறகு இறுக்கினேன். பின் ஹீட்டரின் நெடுங்குழாய்களுக்காக வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தினேன், காற்று முன்னோக்கி ஏறிக் கழுத்துக்கு வரட்டும் என்று. இரண்டு ஹீட்டர்களின் வால்வையும் முழுக்கத் திறந்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி விட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைசியில் வந்த குமிழி பின் ஹீட்டரிலிருந்து, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த பிறகு வந்தது.

ஊற்றியது கிளைக்காலும் கனிமம் நீக்கிய தண்ணீரும் சரிபாதி. உறையும் குளிர் இல்லாத இடத்தில் எதற்குக் கிளைக்கால் என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது, அது உண்மை. ஆனால் வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை, குழாய்த் தண்ணீர் என்றால் சுண்ணாம்புப் படிவும் சேரும். சரிபாதிக் கலவை திறந்த நிலையில் 106 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது, மூடியின் அழுத்தத்தில் அந்த எல்லை இன்னும் உயர்கிறது. கிளைக்காலைக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைந்துவிடும்.

வடித்த பழைய கூலண்டை மூடியுள்ள கலனில் பிடித்து ஒப்படைத்தேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அந்த இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கும், சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. தரையில் சிந்தியதைக் கழுவிவிட்டுத்தான் அன்று பட்டறையைப் பூட்டினேன்.

பிறகு

முழுச் சரக்கோடு அதே ஏற்றத்தில் 40 நிமிடம் ஓட்டினோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைக் குறித்தேன். மேல் குழாய் 91 க்கும் 94 க்கும் இடையில் நின்றது. கீழ்க் குழாய் 83. வலப்புற மூலை இம்முறை மற்ற பகுதிகளோடு சேர்ந்தே சூடானது. மறுநாள் காலை கழுத்து விளிம்புவரை நிறைந்திருந்தது. தொட்டியில் கூலண்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றது.

பத்து நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் வரச் சொல்லிப் பார்த்தேன், ஒரு சொட்டும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாதம் அவராகவே வந்தார். வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், இருக்கையைத் தூக்கிக் கழுத்தைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். ஓடிவிட்டு நிறுத்தியதும் தொட்டியில் மட்டம் இரண்டு விரல் உயர்கிறது, விடிந்ததும் பழைய இடத்துக்கே இறங்கிவிடுகிறது என்று கையால் அளந்து காட்டினார்.